பெத்ரா தோசியில் விழுந்த கைதட்டல்

வானத்திலிருந்து முதல் கைதட்டல் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, பிரேசில் மலைப்பக்கத்தில் ரயில் பாதை முடிகிற இடத்தில் இருக்கும் பெத்ரா தோசி என்ற ஊரில், ஜசீரா கொடியில் கிடந்த துணிகளை அவசர அவசரமாக உருவி உள்ளே போட்டாள். சத்தம் எதுவானாலும் முதலில் துணி, காரணத்தை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்பது பதினாறு வயதிலேயே அவள் சுபாவம். ஆனால் ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. வீட்டு ஓட்டின் மேலும் கோழிக்கூண்டின் மேலும் மாதா கோயில் மணிக்கூண்டின் மேலும் காய்ந்த பட்டாணியை மூட்டையோடு அவிழ்த்துக் கொட்டியது போல அது சடசடவென்று விழுந்தது, நாலு நிமிஷம் விழுந்தது, நடுநடுவே புரியாத பாஷையில் ஆம்பளைக் குரல்கள் கத்தின, பிறகு ஓய்ந்தது. மறுநாள் கோழிகள் முட்டையிடவில்லை. மற்றபடி சேதாரம் ஒன்றும் இல்லை.

பத்து நாள் கழித்து அவள் அக்கா ஒதீலியாவின் கடிதம் வியன்னாவிலிருந்து வந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே ஒரு பெரிய அரங்கத்தில் முதல் தடவையாகத் தனியாகப் பியானோ வாசித்தாளாம். கடைசி சுரத்தை விட்டுக் கையை எடுத்ததும் ஜனங்கள் எழுந்து நின்றார்களாம், கைகள் போவதும் வருவதுமாக இருந்தனவாம், வாய்கள் திறந்தனவாம், ஆனால் ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். 'கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது ஜசீ. மறுநாள் தெருவில் டிராம் மணி கேட்டது, ஓட்டலில் தட்டுச் சத்தம் கேட்டது. இது மட்டும் கேட்கவில்லை' என்று எழுதியிருந்தாள். ஜசீரா தேதியைப் பார்த்தாள், நேரத்தைக் கூட்டிக் கழித்தாள், அடுப்பில் அவரைக்கொட்டை கொதிக்கிற இடைவெளியில் பதில் எழுதினாள்: 'அக்கா, உன் காதில் கோளாறு இல்லை. அது இங்கே வந்து விழுந்துவிட்டது. நாலு நிமிஷம். நல்ல காய்ந்த சத்தம்.' அதற்கு ஒதீலியா ஒரே வரியில் பதில் போட்டாள்: 'சரி. அடுத்த தடவை கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக எழுது.'

ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார்கள். மலைகள் கிண்ணம் மாதிரி இருப்பதால் என்றார் பாதிரியார். தபால் ஆபீஸ் கிளோத்தில்திக்கோ வேறு ஞாபகம். சினிமாக் கொட்டகையைப் பெருக்குகிறவரின் மகள் ஒதீலியா. ஊமைப் படத்துக்கு வாசிக்க வாங்கி, பேசும் படம் வந்ததும் மூலையில் தள்ளிய பியானோவில் தானே கற்றுக்கொண்டு, தலைநகரத்தில் பரிசு வாங்கி, பத்தொன்பது வயதில் கப்பலேறப் போனவள். அன்றைக்கு ரயிலடியில் ஊரே கூடிக் கைதட்டியது. சரியாக அந்த நேரம் பார்த்து என்ஜின் ஊதித் தொலைத்ததில் அவளுக்கு ஒன்றுமே கேட்கவில்லை, அன்றிலிருந்துதான் என்றாள் கிளோத்தில்தி. எது சரி என்று யாரும் சண்டை போடவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று தெரிந்துகொண்டா விதைக்கிறோம்?

அதன் பிறகு பதினேழு வருஷம், ஒதீலியா எந்த நாட்டில் வாசித்தாலும் கைதட்டல் பெத்ரா தோசியில்தான் விழுந்தது. ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. ஜெர்மனிக் கைதட்டல் ஒரே சீராக விழும் என்றும், இத்தாலிக்காரர்களுடையது கூச்சலோடு சேர்ந்து வந்து நாய்களைக் கிளப்பிவிடும் என்றும், தோக்கியோவிலிருந்து வருவது காலைப் பூசை நேரத்தில் அரிசி புடைப்பது போல மென்மையாக இறங்கும் என்றும் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லும். கல்யாணங்களை ஒதீலியாவின் கச்சேரித் தேதி பார்த்து வைத்தார்கள். மேயர் தன் பேச்சை நீட்டியும் குறுக்கியும் அது விழுகிற நிமிஷத்தில் முடித்து, தலையைத் தாழ்த்திக் கும்பிட்டார். முடிவெட்டும் அனிசெத்து, ஒரு முகத்தை மழித்து முடித்துக் கத்தியைத் துடைக்கிறபோது அது விழுந்துவிட்டால், கதவோரம் போய் நின்று மேலே பார்த்து நன்றி சொல்லிவிட்டு வருவார். தோற்ற கால்பந்து அணிக்கு விழுந்தது, செத்தவரின் சவப்பெட்டிக்கு விழுந்தது, முதல் தடவை தப்பில்லாமல் கூட்டல் போட்ட பிள்ளைக்கு விழுந்தது. யாருக்கு விழுந்ததோ அவர்கள் அதைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மேலிருந்து வருவது இவ்வளவு தாராளமாக இருந்ததால் ஊரில் யாரும் கையால் தட்டுவதை விட்டுவிட்டார்கள். தட்டினால் மேலே இருப்பது கோபித்துக்கொள்ளும் என்று முதலில் யாரோ விளையாட்டாகச் சொன்னது, பிறகு பழக்கமாகி, கடைசியில் சட்டம் போலவே ஆகிவிட்டது. ஒன்று பிடித்திருந்தால் காது மடலை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டுவார்கள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கைதட்டவே தெரியாது.

இதெல்லாம் ஜசீராவுக்குத் தொந்தரவாகத்தான் இருந்தது. அவள் மரவள்ளி மாவில் பிஸ்கட் சுட்டு ரயிலடியில் விற்கிறவள், புருஷன் மாதத்தில் இருபது நாள் லாரியில் இருப்பவன், மூன்று பிள்ளைகள். ஒவ்வொன்றையும் தூங்கவைத்துவிட்டு மாவைப் பிசைய உட்காரும்போது வானம் கொட்டத் தொடங்கும், பிள்ளை வீறிட்டு எழும். கடைக்குட்டி லீயா, எட்டு மாசக்காரி, இன்னும் மோசம். இலை விழுந்தாலே முழித்துக்கொள்வாள். ஜன்னல் இடுக்கில் துணி அடைத்து, தொட்டிலை அலமாரிக்குப் பின்னால் கட்டி, ஜசீரா என்னென்னவோ செய்து பார்த்தாள். அப்படியும் ஒரு கையில் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, அப்பாவின் சுவர்க்கடிகாரத்தின் முன்னால் நின்று நிமிஷத்தைப் பார்த்து, அன்றைக்கே தந்தி அடித்தாள்: 'ஆறரை நிமிடம். முடிவில் பலம்.' 'ஏழு நிமிடம். கத்தினார்கள்.' ஒதீலியா அந்தத் தந்திகளை வைத்துத்தான் எதை அடுத்த ஊரில் வாசிப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தாள். உலகம் கொண்டாடிய அந்தப் பியானோக்காரியின் காதுகள் பெத்ரா தோசியின் சமையலறையில் இருந்தன.

அந்தக் காதுகள் ஒரே ஒரு தடவை பொய் சொல்லின.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், லிஸ்பனில், ஒதீலியா தன் நாட்டுப் பையன் ஒருவன் எழுதிய புதுசான ஒன்றை வாசித்தாள். அதில் தவளைக் கச்சேரி உண்டு, ஆற்றில் படகு இடிக்கிற சத்தம் உண்டு. அன்று மாலை விழுந்தது அரை நிமிஷம். ஈர விறகு வெடிக்கிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக விழுந்தது. அப்புறம் சீழ்க்கை, பிடிக்காததை விரட்ட அடிக்கிற சீழ்க்கை. சீட்டியடித்தது யாரென்று புரியாமல் ஊர் மேலே பார்த்தது. மூத்த பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஜசீராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய், 'ஒன்பது நிமிடம்' என்று தந்தி கொடுத்தாள். கிளோத்தில்தி கம்பியில் தட்டுவதற்கு முன்னால் அவளை ஒரு பார்வை பார்த்தாள், தட்டிவிட்டாள். அந்த ஒன்பது நிமிஷத்தை நம்பி ஒதீலியா அதையே எல்லா ஊரிலும் பிடிவாதமாக வாசித்தாள், மூன்றாம் வருஷம் பாரிஸ் திரும்பிப் பார்த்தது, நாலாம் வருஷம் எல்லோருமே பார்த்தார்கள், இன்றைக்கு ஒதீலியா என்றாலே அந்தத் தவளைக் கச்சேரிதான்.

இந்த நிலைமையில்தான் அந்தக் கடிதம் வந்தது. கிளோத்தில்தி வழக்கம் போலப் பிரித்துப் படித்துவிட்டு, வழக்கம் போல ஒட்டாமலே கொண்டுவந்து கொடுத்தாள். 'ஊருக்கு வருகிறேன் ஜசீ. ஞாயிறு மாலை நம் கொட்டகையில் வாசிக்கிறேன். பதினேழு வருஷமாக ஊமைப் படத்துக்கு வாசிக்கிறவள் மாதிரியே இருக்கிறேன். சொந்த ஊரிலாவது கேட்கும். அங்கேயும் கேட்கவில்லையென்றால் பியானோ மூடியைச் சாத்திவிடுவேன், பிறகு திறக்க மாட்டேன்.'

கடிதம் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே ஊருக்கு வந்துவிட்டதால், சாயங்காலமே மேயரும் அனிசெத்தும் சமையலறையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"தோனா ஜசீரா," என்றார் மேயர். அந்த ஊரில் பெரிய வீட்டுப் பெண்களைத்தான் தோனா என்பார்கள். மேயர் வாயால் அதைக் கேட்டதுமே ஏதோ கேட்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று ஜசீராவுக்குத் தெரிந்துவிட்டது. "உங்க அக்கா வர்றது ஊருக்கே பெருமை. கொட்டகைக்கு வெள்ளையடிச்சிடறோம். ஒரே ஒரு விஷயம். யாரும் கையால தட்டக் கூடாது."

"இங்கதான் யாரும் தட்டறதே இல்லையே."

"உங்களையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

ஜசீரா பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "தட்டினா என்ன ஆகும்?"

அனிசெத்துதான் பதில் சொன்னார். "மகளே, அவ தன் காதால கேட்டுட்டாள்னா அப்புறம் அது எதுக்கு இவ்வளவு தூரம் வரும்? எனக்கு அறுபத்து மூணு வயசு. ஒரு ஆளு இதுவரைக்கும் நல்லா சிரைச்சேன்னு என்கிட்ட சொன்னதில்ல. அது மேல இருந்து விழுந்தா அன்னிக்கு எனக்குச் சோறே வேணாம்."

"அனிசெத்து மாமா, அது உங்களுக்கு விழுந்தது இல்ல."

"தெரியும்டி. தெரிஞ்சுதான் வாங்கிக்கறேன்."

மேயர் பிஸ்கட்டைத் தொடவில்லை. "மேலேர்ந்து அதுவா விழுந்தா சரி, ஊருக்கும் ஆச்சு, அவங்களுக்கும் ஆச்சு. விழும். சொந்த ஊராச்சே. நீங்க குறுக்க புகாம இருந்தாப் போதும். ரயிலடியில கூடை வைக்க உங்களுக்கு இடம் விட்டது ஊர். அதை ஞாபகம் வச்சுக்குங்க."

அவர்கள் போன பிறகு ஜசீரா தட்டில் அப்படியே இருந்த பிஸ்கட்டை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

சனிக்கிழமை ஒதீலியா வந்து இறங்கினாள். முப்பத்தெட்டு வயது, காதோரம் நரை, மணிக்கட்டு வரை மூடிய சட்டை. வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போய்ப் பியானோவைத் திறந்து பார்த்தாள். ஈரம் ஏறாமல் இருக்க உள்ளே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"இத்தனை வருஷமும் அணைக்கலியா?"

"பல்பு போனா மாத்துவேன். ரெண்டு தடவை கரையான் வந்துச்சு, மண்ணெண்ணெய் வச்சேன்," என்றாள் ஜசீரா.

ஞாயிறு காலை சமையலறையில் ஒதீலியா லீயாவை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இன்னிக்குத் தவளைக் கச்சேரியைக் கடைசியா வச்சிருக்கேன். லிஸ்பன்ல ஒன்பது நிமிஷம் கிடைச்சதுல்ல? அந்தத் தந்தியை இன்னும் பர்ஸ்ல வச்சிருக்கேன்."

ஜசீராவின் கை மாவிலேயே நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அக்கா பர்ஸைத் திறந்து, நாலாக மடித்துப் பழுத்துப்போன அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டாள்.

"அக்கா, அது பொய்."

"எது?"

"ஒன்பது. அரை நிமிஷம்தான். அப்புறம் சீழ்க்கையடிச்சாங்க."

ஒதீலியா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு எண் இருக்கும் என்பது போல. "கைகள் சரியா அசையலியேன்னு அப்பவே பாத்தேன். விளக்கு கண்ணைக் கூசுதுன்னு நினைச்சேன்." பிறகு, "அப்போ மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் சத்தியமா நிஜம்."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஒதீலியா. கோபமாகச் சொல்லவில்லை, வழி கேட்கிறவள் போலச் சொன்னாள். "வியன்னா, பாரிஸ், தோக்கியோ எல்லாம் நீ எழுதினதுதான் ஜசீ. எனக்குன்னு ஒண்ணுமே இல்ல." குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய் முகம் கழுவினாள்.

கொட்டகை நிரம்பி, ஜன்னலிலும் ஆட்கள். ஜசீராவை முதல் வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் அனிசெத்தை உட்காரவைத்திருந்தார் மேயர். ஏன் என்று அவளுக்கும் தெரியும், அனிசெத்துக்கும் தெரியும். அதனால் அவர் அவளைப் பார்க்காமல் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒதீலியா வாசித்தாள். அந்த ஊர் அவளுடைய கைதட்டலை மட்டும்தான் பதினேழு வருஷம் கேட்டிருந்தது, அத்தனை வருஷத்தில் அவள் வாசித்து ஒருநாளும் கேட்டதில்லை. எதற்காக அவ்வளவு விழுந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தவளைகள் வந்தபோது பின்வரிசையில் ஒரு கிழவர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். ஆறு வந்தது, படகு இடித்தது, தண்ணீர் விலகி மறுபடி மூடியது, கடைசி சுரம் அந்தப் பழைய மரத்துக்குள் போய் அடங்கியது. ஒதீலியா கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜனங்களின் பக்கம் திரும்பினாள்.

ஊரே முகத்தைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது.

ஒன்றும் விழவில்லை. கூரைத் தகரத்தில் வெயில் டிக்கென்று ஒரு சத்தம் போட்டது, அவ்வளவுதான். மேயரின் உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கையைத் தூக்கிக் காது மடலைக் கிள்ளிக்கொண்டார்கள். முந்நூறு பேர், பிரியத்தோடுதான், கண்ணில் தண்ணீரோடுதான். ஆனால் மேடையிலிருந்து பார்க்கிறவளுக்கு எப்படி இருந்திருக்கும்? பதினேழு வருஷம் சத்தமில்லாமல் கைகள் அசைவதைப் பார்த்தவள், இப்போது அசைகிற கைகள்கூட இல்லாமல், ஊரே தன் காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

ஒதீலியா லேசாகத் தலையாட்டினாள். விடை தெரிந்துவிட்டது என்பது போல. திரும்பி, பியானோவின் மூடியில் கையை வைத்தாள். மூடி இறங்கத் தொடங்கியது.

ஜசீரா லீயாவைத் தூக்கி அனிசெத்தின் மடியில் வைத்தாள். "மாமா, பிடிங்க, விழுந்துடுவா." அவர் பதறி இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்துக்கொண்டார். அவளைப் பிடிக்க வேண்டிய கைகள் அவை. அவள் எழுந்து நின்று தட்டினாள்.

பதினேழு வருஷமாகத் தட்டாத கைகள், மாவு பிசைந்து தடித்த கைகள். துவைக்கிற கல்லில் ஈரத்துணியை ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. ஒதீலியாவின் தோள் துள்ளியது. பின்னால் யாரோ தட்டைக் கீழே போட்டதுபோலத் திரும்பினாள். மூடி பாதியில் நின்றது.

"உட்காரு!" என்றார் மேயர். தோனாவெல்லாம் போய்விட்டது. "யாராவது அவளைப் பிடிங்களேன்!"

யாரும் அசையவில்லை. கொட்டகைச் சுவரில் கடிகாரம் இருந்தது, ஜசீரா அதைப் பார்த்துக்கொண்டே தட்டினாள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். தனியாக ஒரே ஒருத்தி தட்டினால் இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது தட்டிப் பார்த்தால்தான் தெரியும். மூன்றாவதில் உள்ளங்கை எரிந்தது, நாலாவதில் மரத்தது. ஐந்தாவதில் பின்னாலிருந்து யாரோ, "ஊரைக் கெடுக்கறாளே பாவி," என்று அழுதார்கள். ஆறாவதில் லீயா இவ்வளவு சத்தத்திலும் அனிசெத்தின் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள், அவர் அதை எடுக்கக்கூட மறந்து ஜசீராவையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாவதில் ஜசீராவின் கைகள் மேலே ஏற மறுத்தன, இடுப்பளவில் வைத்துத் தட்டினாள். எட்டரையில் நிறுத்தினாள்.

மேடையிலிருந்து ஒதீலியா கேட்டாள். "ஒன்பதுன்னுதானே எழுதினே?"

"அரை நிமிஷம் லிஸ்பன்காரங்களே தட்டிட்டாங்க அக்கா," என்றாள் ஜசீரா மூச்சு வாங்கிக்கொண்டு. "அதையும் எதுக்கு நான் தட்டணும்?"

ஒதீலியா மூடியை மறுபடி மேலே தூக்கிவிட்டு, திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

அவள் ரயிலேறிப் போன மறுநாளே ரயிலடியில் ஜசீராவின் இடத்தில் மேயரின் மைத்துனியின் கூடை இருந்தது. ஜசீரா தெருத்தெருவாகப் போனாள். கதவுகள் திறந்தன, பிஸ்கட்டைப் பார்த்தன, மூடிக்கொண்டன. ஒரு மாசம் அப்படிப் போயிற்று. எல்லோரும் அடுத்த கச்சேரிக்காகக் காத்திருந்தார்கள். அது லிஸ்பனில் என்றும், வெள்ளிக்கிழமை என்றும் கிளோத்தில்தி சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஊர் மொத்தமும் சதுக்கத்தில் கூடி மேலே பார்த்து நின்றது. மேயர் பேச்சைத் தயாராக வைத்திருந்தார். அனிசெத்து நாற்காலியை வாசலுக்கே கொண்டுவந்து ஒருவரைப் பாதி முகம் மழித்து உட்காரவைத்திருந்தார். ஜசீரா மட்டும் வீட்டு வாசலில் நின்றாள். ஐந்தரை ஆனது, ஆறு ஆனது, ஆறேகால் ஆனது. வானம் சும்மா இருந்தது. ஒரு கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போனதும் எல்லோரும் திடுக்கிட்டார்கள், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்கள். அனிசெத்து மீதிப் பாதியை மழித்தார், கத்தியைத் துடைத்தார், நின்றார். நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். கை காதுப் பக்கம் போனது, பாதியில் நின்றது. பிறகு அசட்டுத்தனமாக, ஒரு உள்ளங்கை இன்னொன்றைச் சரியாகச் சந்திக்காமல், இரண்டு தடவை தட்டினார்.

அந்த நேரத்தில்தான் கிளோத்தில்தி தபால் ஆபீஸிலிருந்து ஓடிவந்தாள். சதுக்கத்தில் யாரிடமும் நிற்காமல் நேரே ஜசீராவின் வாசலுக்கு வந்து, மூச்சிரைக்கத் தந்தியை நீட்டினாள்.

"நான் படிச்சிட்டேன்," என்றாள்.

"தெரியும்," என்றாள் ஜசீரா.

அதில் இப்படி இருந்தது: 'பதினொரு நிமிடம். நானே கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மாடி என்ன சத்தம். இதில் எப்படிக் குழந்தையைத் தூங்கவைத்தாய்?'

ஜசீரா உள்ளே எட்டிப் பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால், ஜன்னல் அடைக்காமலே, லீயா தூங்கிக்கொண்டிருந்தாள். தந்தியை ஓசைப்படாமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அவள் மாவு பிசைய உட்கார்ந்தாள்.